கல்லைக் கழுவிய மெஹர் நிஷா

மதகுப்பேட்டைக்குப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது மந்தைவெளி. மந்தைவெளியின் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கருங்கல் நிற்கிறது. இந்தப் பொங்கல் வரைக்கும் அதைச் சுற்றிக் கயிறுகள் கட்டியிருந்தன. மழையில் கறுத்த கயிறு, வெயிலில் வெளுத்த கயிறு, முந்தின தையில் கட்டிய கயிறு என்று ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. புதிதாக வருகிறவர்கள் இது என்ன சாமி என்று கேட்பார்கள். சிலர் கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அது சாமி இல்லை. எங்கள் ஊரில் கயிற்றுக் கடை வைத்திருந்த ஷேக் மைதீன் என்பவரின் நினைவாக நட்ட கல். ஆனால் ஊர்க்காரர்களாகிய நாங்களே சில வருஷம் அதை மறந்துவிட்டுச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த மறதியைப் போக்கியவர் அவருடைய மனைவி மெஹர் நிஷா. அவரைப் பற்றி யாரும் எழுதியதில்லை. பன்னிரண்டாவது முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு நேரம் இருக்கிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

மந்தைவெளிக்கு எதிரே, பஸ் நிற்கும் புளியமரத்தை ஒட்டி அவர் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு கதவு. மாட்டைக் கட்டும் தாம்புக் கயிறு, மூக்கணாங்கயிறு, கிணற்றுக்குப் போடும் வடம், சாக்கு, மாட்டு மணி, கொம்புக்குப் பூசும் வர்ணம் எல்லாம் அங்கே கிடைக்கும். பக்கத்துச் சந்தை ஊரான மதகடிப்பட்டுக் கடைகளில் இதைவிட மலிவாகவும் கிடைக்கும். ஆனாலும் எங்கள் ஊரில் யாரும் அங்கே போய்க் கயிறு வாங்குவதில்லை.

கடைத் தூணில் ஒரு இரும்பு வளையம் அடித்திருக்கிறது. கயிறு கேட்டால் மெஹர் நிஷா அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். ஒரு முனையை வளையத்தில் மாட்டி, மறு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, முக்காட்டை இழுத்துச் செருகி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுப்பார். இற்ற நூல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இழுத்து முடித்த பிறகுதான் வெட்டிக் கொடுப்பார். கடையைத் தள்ளிவிடப் போகிறாய் என்று ஆண்கள் கிண்டல் செய்வார்கள்.

“கடை வுழுந்தா வுழட்டும் அண்ணே. கயிறு நிக்கணும்” என்பார்.

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

அறுபத்தாறாம் வருஷம் கார்த்திகையில் பெய்த மழையில் எங்கள் ஏரி நிறைந்து, கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அப்பா சொல்லித்தான் தெரியும். அப்பாவின் பெயர் ஜெகநாதன். எங்களுக்கு மதகை ஒட்டித்தான் நிலம். ஒரு காலை அவர் வரப்புப் பார்க்கப் போனபோது மதகுக்குப் பக்கத்தில், கரையின் வெளிப்புறம், செம்மண் தண்ணீர் ஊற்றுப் போலக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கரைக்குள் எங்கோ நண்டு வளை பெரிதாகிவிட்டது. சம்பா பால் பிடித்து நின்ற நேரம். கரை போனால் பயிரும் போகும், தாழ்வில் இருந்த குடிசைகளும் போகும்.

வெளியிலிருந்து மண்ணைக் கொட்டியதெல்லாம் கரைந்து ஓடியது. ஏரிக்குள் இறங்கி ஓட்டையின் வாயைக் கண்டுபிடித்து அடைத்தால்தான் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. இறங்க யாருக்கும் துணிவு வரவில்லை. ஷேக் மைதீன் அதற்குள் கடையில் இருந்த சாக்கையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். அவர் பரங்கிப்பேட்டைப் பக்கம் கழிமுகத்தில் நீந்தி வளர்ந்தவர். தன் கடை வடத்தையே இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். மறுமுனையைக் கரையில் அப்பாவும் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். மேலிருந்து களிமண் சாக்கை ஒவ்வொன்றாகத் தள்ள, அவர் மூழ்கி மூழ்கி அடைத்தார். வெளிப்புற ஊற்று மெல்ல மெல்லச் சிறுத்து நின்றது. கரையில் இருந்தவர்கள் கத்திக் கொண்டாடிய அந்த நேரத்தில்தான் அவர் மேலே வரவில்லை என்று அப்பா கவனித்தார். தண்ணீர் அவரை மதகுக் கல்லில் அடித்திருந்தது. இழுத்தார்கள். கயிறு அறுந்துபோகவில்லை. அவர் வந்தார். மூச்சு மட்டும் இல்லை.

“கயிறு நின்னுச்சி. அதனாலதான் அவரை நான் பாத்தேன். இல்லன்னா ஏரி கொண்டுகினு போயிருக்கும்” என்று மெஹர் நிஷா ஒரு தரம் என் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தையில் ஊர் முழுக்க சம்பா அறுத்தார்கள். பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலுக்குப் பழைய கயிற்றை மாட்டின் கழுத்தில் விட்டுவைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. எல்லா மாட்டுக்கும் புதுக்கயிறு வேண்டும். ஆனால் கயிற்றுக் கடை மூடியிருந்தது. கணவரை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதத்துக்கு மேல் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்கு இத்தா என்று பெயர். மெஹர் நிஷா கைக்குழந்தையோடு அந்த நடுக்கதவுக்குப் பின்னால் இருந்தார். குழந்தை தாஜ் நிஷா. பின்னால் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

ஊர் ஆண்கள் மதகடிப்பட்டுக்குப் போகவில்லை. என் அம்மா தையலம்மாளைக் கூப்பிட்டு, நீ போய்க் கடையைத் திற என்றார்கள். அம்மா அதுவரை எந்தக் கடையிலும் உட்கார்ந்தது இல்லை. யாராவது வந்து தாம்பு கேட்டால், மூடியிருக்கும் கதவைப் பார்த்து, “மெஹரு, தாம்புக் கயிறு கேக்கறாங்க” என்பாள். உள்ளேயிருந்து, “எருமைக்கா அக்கா, பசுவுக்கா?” என்று குரல் வரும். எந்த மூட்டை, எத்தனை முழம் என்று அந்தக் குரலே சொல்லும். கடைசியாக, “இழுத்துப் பாத்துக் குடுங்க அக்கா” என்று வரும். அந்த வாரம் அம்மா இழுத்த இழுப்பில் உள்ளங்கை கொப்புளமாகிவிட்டது என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அந்த மாட்டுப் பொங்கலன்றுதான் கல்லை நட்டார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் சொல்லிவிட்டு, செஞ்சிப் பக்கத்திலிருந்து பெயர் வெட்டிய கல்லை வரவழைத்திருந்தார்கள். மந்தைவெளியில் மாடுகள் சேர்ந்ததும், ஷேக் மைதீனை இழுத்த அதே வடத்தை அப்பா கல்லில் சுற்றிக் கட்டினார். யாரோ குங்குமத்தை எடுத்தபோது அம்மா தடுத்தாளாம். கதவுக்குப் பின்னால் இருப்பவளுக்கு அது பொருந்துமா என்று கேட்டாளாம். அதனால் கயிறு மட்டும் கட்டினார்கள். மாடுகளைக் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டினார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரரும் புதுக்கதிர் ஒரு பிடி கொண்டுபோய்க் கயிற்றுக் கடை வாசலில் கட்டிவிட்டுப் போனார்கள். மெஹர் நிஷா எதையும் பார்க்கவில்லை. பறைச் சத்தத்தையும், வாசலில் கதிர் தின்ன வந்த குருவிகளின் சத்தத்தையும் உள்ளிருந்து கேட்டார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் இதுதான் எங்கள் ஊர் அறுவடை விழா. இத்தா முடிந்து வெளியே வந்த பிறகு, முதல் கயிறு மெஹர் நிஷா கையிலிருந்து போக வேண்டும் என்று ஆயிற்று. அவர் கடை வாசலில் நின்று கயிற்றைக் கொடுப்பார். அப்பா வாங்கிக்கொண்டு போய்க் கட்டுவார். மெஹர் நிஷா கல்லருகே போனதே இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

இது இப்படியே இருந்திருக்கும். கோகிலாம்பாளின் பசு அதை மாற்றியது.

கோகிலாம்பாள் ஏரிக்கரைத் தெருவில் பால் ஊற்றுகிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவள் பசு ஒரு தடவை கன்று போட முடியாமல் கிடந்தது. அவள் ஓடிவந்து கல்லில் ஒரு கயிற்றைக் கட்டி, “பாயி, நீதான் காப்பாத்தணும்” என்று விழுந்து கும்பிட்டாள். பசு பிழைத்தது. கன்றும் பிழைத்தது. மறுநாள் அவள் சூடமும் தேங்காயும் கொண்டுவந்தாள்.

அதன்பின் மாட்டுக்கு மடி கட்டி வீங்கினால் கயிறு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கயிறு. மாப்பிள்ளை அமையக் கயிறு. பரீட்சைக்கு முன்னால் நானும் ஒன்று கட்டினேன். கணக்கில் எப்படியோ தேறினேன். கல்லின் மேல் எண்ணெயும் குங்குமமும் ஏறி, சூடப் புகை படிந்து, எழுத்தெல்லாம் அடைபட்டுப்போனது. சின்னப் பிள்ளைகள் அதைக் கயிற்றுச் சாமி என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண், உங்க அத்தா சாமியாமே, எங்களுக்கு ஒரு வரம் வாங்கிக் கொடு என்று தாஜ் நிஷாவிடம் கேட்டாள். அவள் சிரித்தாள். வழியெல்லாம் என்னோடு பேசாமல் வந்தாள்.

மெஹர் நிஷா கடையில் கல் தெரியும் பக்கத்தில் ஒரு சாக்குப் படுதா தொங்கவிட்டார். வெயில் அடிக்கிறது என்றார். அந்தப் பக்கம் புளியமர நிழல்தான்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் நான் கடையில் இருந்தபோது கோகிலாம்பாள் வந்து கல்லுக்கு ஒரு கயிறு கேட்டாள். அவள் எப்போதும் போல வாயாடிக்கொண்டே, “உனக்கு இன்னா பாயம்மா, வூட்டுக்காரர் மேல போயும் உனக்கு யாவாரம் பாத்துக் குடுக்கறாரு” என்றாள். எங்கள் ஊரில் மெஹர் நிஷாவை எல்லோரும் பாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கோகிலாம்பாள் சொன்னதில் விஷம் இல்லை. ஆனால் மெஹர் நிஷா வளையத்தில் மாட்டிய கயிற்றை இழுக்காமல் அப்படியே கழற்றிச் சுருட்டி வைத்தார்.

“மாட்டுக்குன்னா தரேன் கோகிலா. கல்லுக்குக் கட்ட எங்கிட்ட கயிறு இல்ல” என்றார்.

கடை முழுக்கக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கோகிலாம்பாள் ஒரு தடவை மேலே பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள், பேசாமல் போனாள். அவள் பேசாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரமே விழாக் கமிட்டியார் வந்தார்கள். தலைவர் சிங்காரவேலு. ரைஸ்மில் வைத்திருப்பவர், எதையும் பெரிதாகச் செய்ய ஆசைப்படுபவர். ஷேக் மைதீன் காப்பாற்றிய நிலத்தில் விளைந்த நெல்தான் தன் மில்லில் அரைபடுகிறது என்று மேடையில் பேசுவார். மனதாரத்தான் பேசுவார். கல்லுக்கு மேல் சின்னதாக ஒரு மண்டபம் எழுப்பி, உண்டியல் வைத்து, நாள் பார்த்துக் குடமுழுக்குச் செய்வதாக முடிவு செய்திருந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று முதல் செங்கல்லைப் பாயம்மாதான் எடுத்து வைக்க வேண்டும். அதைக் கேட்கத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு வந்திருந்தார்கள். ஊரே சேர்ந்து ஒருவருக்கு அப்படித் தட்டு வைப்பது எங்கள் பக்கத்தில் பெரிய மரியாதை. அதை வேண்டாம் என்று தள்ளுவது பெரிய அவமானம்.

மெஹர் நிஷா தட்டைத் தொடவில்லை. தாஜ் நிஷாவைக் கூப்பிட்டு எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். மழை நன்றாகப் பெய்ததைப் பற்றி விசாரித்தார். சிங்காரவேலுவின் மகள் பிரசவத்தைப் பற்றி விசாரித்தார். டீ குடித்துவிட்டு அவர்கள் எழுந்தார்கள். தட்டு கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அதனால் சம்மதம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தொடவில்லை, அதனால் சம்மதம் இல்லை என்று புரிந்துகொள்வார்கள் என்று இவர் நினைத்தார். மறுநாள் மந்தைவெளியில் வண்டி வண்டியாகச் செங்கல் இறங்கியது.

படுதாவின் ஓட்டை வழியாக அதைப் பார்த்தவர் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அடுப்படியில் மாவிளக்குக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்த வேகத்தைப் பார்த்து முறத்தை வைத்துவிட்டாள். அவர் கீழே உட்கார்ந்து சிந்திய அரிசியைப் பொறுக்கி முறத்தில் போட்டபடியே பேசினார். அவர் கணவர் ஐந்து வேளையும் ஒருவனுக்கு மட்டும் தலை குனிந்தவர். அரிசி மண்டிக் கூலிக்காரர் ஒருவர் நன்றிக்காக அவர் காலைத் தொட்டதற்கே பதறிப்போய், இரண்டு நாள் அந்தத் தெருவுக்குப் போகாமல் இருந்தவர். தன் முன்னால் ஊரே குனிவதை அவர் எப்படித் தாங்குவார்? மண்டபம் கட்டிவிட்டால் அவர் தனக்குக் கணவரும் இல்லை, தாஜுக்கு அத்தாவும் இல்லை; உண்டியலுக்குப் பின்னால் ஒரு கல், அவ்வளவுதான்.

அம்மா, அதை அவர்களிடமே சொல்வதுதானே என்றாள்.

“எப்படிக்கா சொல்வேன்? நான் கதவுக்குப் பின்னால இருந்தப்போ இந்த ஊருதான் எனக்கு யாவாரம் பண்ணுச்சி. எங்கொழந்தைக்குப் பால் ஊத்துச்சி. கோகிலாவோட மாமியா தெனம் வாசல்ல செம்ப வெச்சிட்டுப் போவாங்க. ஆருன்னுகூடச் சொல்ல மாட்டாங்க. அவங்க ஆசையா வந்து தட்டு வைக்கும்போது வேணாம்னு எந்த வாயால சொல்றது?”

அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அத்தினியும் செஞ்சவங்ககிட்ட சொல்லாம வேற ஆர்கிட்டடி சொல்லுவ?” என்றாள்.

மெஹர் நிஷா முறத்தைத் தானே எடுத்து மீதி அரிசியைப் புடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

போகியன்று காலை எங்கள் ஊரில் எல்லா வீட்டையும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். பெண்கள் தெருவில் பாத்திரம் பண்டங்களைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மெஹர் நிஷா கடையிலிருந்து வெளியே வந்தார். ஒரு கையில் வாளி, மறு கையில் தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும். பின்னால் தாஜ் நிஷா இன்னொரு வாளியோடு வந்தாள். இருவரும் நேராக மந்தைவெளியின் நடுவுக்குப் போனார்கள். அத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கல்லைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

கயிறுகளை ஒவ்வொன்றாக முடிச்சவிழ்த்துத் தனியே வைத்தார். ஒன்றையும் அறுக்கவில்லை. பிறகு சாம்பல் தூவி, நாரால் தேய்க்க ஆரம்பித்தார். குங்குமமும் கரியும் எண்ணெயும் சேர்ந்து கறுஞ்சிவப்பாக ஓடியது. பார்த்தவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். யாரும் பக்கத்தில் போகவில்லை. கும்பிடுகிற கல்லை ஒருவர் பானை மாதிரி தேய்க்கிறார். கோபப்படுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் நின்றார்கள். யாராவது ஒரு வார்த்தை தவறாகச் சொல்லிவிட்டால், இத்தனை வருஷத்து உறவும் அந்த அழுக்குத் தண்ணீரோடு போய்விடும் போல இருந்தது.

சிங்காரவேலு சைக்கிளில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

“இன்னா பாயம்மா இது? படையல் போடற கல்ல இப்படிப் போட்டுத் தேய்ச்சா எப்படி?”

“போகிக்கு எல்லாரும் அவங்கவங்க வூட்டக் கழுவறாங்க அண்ணே. இது என் வூட்டுக்காரர் பேரு போட்ட கல்லு. நான் கழுவாம ஆரு கழுவறது?”

“நாங்க சாமியா நெனச்சிக் கும்புடறோம்.”

மெஹர் நிஷா நாரைக் கீழே வைத்தார். முழங்கை வரை சாம்பல். முக்காட்டை முழங்கையாலேயே சரி செய்துகொண்டார்.

“தெரியும் அண்ணே. அதுல எனக்குக் கோவம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாமியா இருந்தா இடுப்புல எதுக்குக் கயிறு கட்டிகினு எறங்கணும்? அவருக்குப் பயமா இருந்துச்சி. வூட்டுல சொல்லிகினு கெளம்பும்போதே தொண்டை காஞ்சி போயிருந்துச்சி. தண்ணி கேட்டாரு. பாதி குடிச்சாரு, மீதிய அப்படியே வெச்சிட்டுப் போனாரு. பயந்துகினேதான் போனாரு. ஆனா போனாரு. நீங்க அவரச் சாமியாக்கிட்டா அந்தப் பயத்த எடுத்துடறீங்க. அத எடுத்துட்டா அப்புறம் அவரு செஞ்சதுல இன்னா இருக்குது?”

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அப்பா முன்னால் வந்தார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை.

“முடிச்சு போட்டது நான்தான். போடும்போது அவரு ஒடம்பு நடுங்குச்சி. கெட்டியாப் புடிச்சிக்க ஜெகநாதான்னாரு. இத ஆர்கிட்டயும் நான் சொன்னதில்ல. பயந்தாருன்னு சொன்னா அவருக்குக் கொறச்சலாப் பூடுமேன்னு வுட்டுட்டேன்.”

“கொறச்சல் இல்ல அண்ணே” என்றார் மெஹர் நிஷா. வாளித் தண்ணீரை எடுத்துக் கல்லின் மேல் ஊற்றினார்.

எழுத்து வெளியே வந்தது. வெட்டிய புதிதில் இருந்த மாதிரியே கூர்மையாக இருந்தது. தாஜ் நிஷா குனிந்து விரல் வைத்துப் படித்தாள். “கயிற்றுக்கடை ஷேக் மைதீன். நம் மதகைக் காத்தவர்.” அவ்வளவுதான் எழுதியிருந்தது. அங்கே நின்ற பெரியவர்களில் பாதிப் பேர் அந்தக் கல்லைத் தோளில் சுமந்துவந்து நட்டவர்கள். என்ன எழுதச் சொன்னோம் என்பது அவர்களுக்குத் தெரியாததில்லை. படித்துத்தான் பல வருஷமாகிவிட்டது. தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைப்பது போல ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய், கீழே கிடந்த நாரை எடுத்துக் கல்லின் பின்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அதற்குள் கோகிலாம்பாள் வாய் திறந்துவிட்டாள்.

“அப்ப எம் பசுவக் காப்பாத்தனது ஆரு?”

“பாகூர்லருந்து வந்து ஊசி போட்டாரே மாட்டு டாக்டரு, அவருக்குப் போய்ச் சூடம் கொளுத்து” என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். அவள் திரும்பி அவனைத் திட்டிய திட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மெஹர் நிஷாவும் சிரித்தார்.

சிங்காரவேலு மட்டும் சிரிக்கவில்லை. இறக்கிய செங்கல்லை என்ன செய்வது என்று கேட்டார். ஊர் கொடுத்த செங்கல்லைத் திருப்பி அனுப்பினால் நன்றாக இருக்காது என்றார். அதற்கும் கோகிலாம்பாள்தான் வழி சொன்னாள். வருஷா வருஷம் கல்லைச் சுற்றி ஓடிய மாடுகள் தாகத்தில் ஏரிக்குப் பாய்ந்து, வழியில் அடுத்த போகமான நவரைக்கு விட்ட நாற்றங்காலை மிதித்துத் துவைக்கின்றன. விழா முடிந்தால் அவள் தெருவில் சண்டைதான். “இங்கயே ஒரு தண்ணித் தொட்டி கட்டுங்கப்பா. மாடும் குடிக்கும், எம் நாத்தும் பொழைக்கும். பாய் இருந்திருந்தா அதத்தான் செஞ்சிருப்பாரு” என்றாள். சிங்காரவேலு செங்கல்லைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். குடமுழுக்கு இல்லாத ஒரு தொட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று முணுமுணுத்தார். ஆனால் மறுக்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று மாலை மாடுகள் எல்லாம் கொம்புக்கு வர்ணம் பூசி, நெட்டி மாலை போட்டு மந்தைவெளியில் சேர்ந்திருந்தன. மெஹர் நிஷா கடையிலிருந்து அந்தத் தட்டைக் கொண்டுவந்தார். அவர்கள் விட்டுப்போன அதே தட்டு. வாடியதை எடுத்துவிட்டுப் புது வெற்றிலையும் பழமும் வைத்திருந்தார். அதைச் சிங்காரவேலுவிடம் நீட்டி, தொட்டிக்கு முதல் செங்கல்லை அண்ணன்தான் வைக்க வேண்டும் என்றார். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். செங்கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

அடுத்தது முதல் கயிறு. அப்பா வழக்கம் போலக் கை நீட்டினார். மெஹர் நிஷா கொடுக்கவில்லை. அவரே கல்லிடம் போனார். கழுவிய கல்லைச் சுற்றிப் புது வடத்தை ஓட்டி, ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு, கடையில் செய்வது போலவே, முனையைக் கையில் சுற்றிக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரு இழு இழுத்தார். கல்லும் அசையவில்லை, கயிறும் அசையவில்லை. மந்தைவெளி முழுக்கச் சிரித்தது. பறை முழங்க, மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள்.

அவிழ்த்து வைத்திருந்த பழைய நேர்த்திக் கயிறுகளை அடையாளம் கேட்டு அவரவருக்குத் திருப்பிக் கொடுத்தார் மெஹர் நிஷா. கட்டியது உங்கள் நம்பிக்கை, அதை நான் குப்பையில் போட மாட்டேன் என்றார். என்னுடையதும் வந்தது. வேலைக்கு உத்தரவு வந்தால் அதில்தான் என் பெட்டியைக் கட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

தொட்டி மாசியில் கட்டி முடிந்தது. இப்போது சந்தைக்குப் போகிற வெளியூர் மாடுகளும் அதில்தான் தண்ணீர் குடிக்கின்றன. கல்லைப் பார்த்து என்ன சாமி என்று யாராவது கேட்டால், கடையில் இருக்கிற தாஜ் நிஷாவே பதில் சொல்கிறாள்: “சாமி இல்லீங்க. எங்க அத்தா. கயித்துக் கடை வெச்சிருந்தாரு.” படுதாவை எடுத்துவிட்டார்கள். கடையிலிருந்து பார்த்தால் பெயர் நேராகத் தெரிகிறது.

கோகிலாம்பாள் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் தொட்டி விளிம்பில் ஒரு துண்டு சூடம் கொளுத்துகிறாள். கல்லின் மேல் இல்லை, தொட்டியின் மேல். அதைத் தாஜ் நிஷா சொல்லப் போனபோது மெஹர் நிஷா வளையத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தார்.

“வுடு. அவ மாட்டுக்கு அவ கொளுத்தறா” என்று சொல்லிவிட்டு, பின்னால் சாய்ந்து இழுத்தார்.